மூன்றாவது வீடு, முப்பத்தோராவது கேள்வி

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

எட்டாவது மணி.

ஒன்பதாவது மணி.

பத்தாவது மணி அடித்தும் எடுக்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதுதான் விதி.

பத்தாவது மணி பாதியில் நின்றது. யாரோ போனை எடுத்துவிட்டார்கள்.

ஹலோ வரவில்லை.

அலறல் வந்தது!

"ஆ...ஆ...!"

வாயைப் பொத்தினாற்போல் பாதியில் அறுந்துபோனது.

ரெட்டைக்கோடு ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

ரெட்டைக்கோடு என்பது அலுவலகம் வைத்த பெயர். எதை எழுதினாலும் அடியில் ஒரு கோடு போடுவாள். சரிதானா என்று சந்தேகம் வந்து இன்னொரு கோடும் போடுவாள். வேலையில் சேர்ந்து நான்கே மாதம். ஒப்பந்த வேலை. அதற்கு முன்னால் பதினான்கு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து, அப்பாவின் பாதிச் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

என்ன வேலை?

யார் யாருக்கு வேலை இல்லை என்று கேட்கிற வேலை!

தொற்று வந்தது. ஊர் முடங்கியது. வேலை போனவர்களுக்கு வாரா வாரம் உதவித்தொகை தருகிறது அரசு. வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு எட்டுக்குக் கீழே போனால் உதவி நின்றுவிடும். அந்த எட்டு, எட்டுதானா என்று சொல்வது இந்த அறை. குலுக்கல் முறையில் தெருக்களைப் பொறுக்கி, ஒரு தெருவில் எட்டு வீடு என்று எடுத்து, மாதா மாதம் அதே வீடுகளுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். ஒரு வீடு ஆயிரத்து நானூறு வீடுகளுக்குச் சமம். ஒரு வீடு தும்மினால் ஒரு பேட்டையே தும்மின மாதிரி.

இது மூன்றாவது வீடு.

"வணக்கம். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பிலிருந்து பேசுகிறேன். இந்த மாத விவரங்களைக் கேட்கலாமா?"

படிவத்தில் இருப்பதை ஓர் எழுத்து பிசகாமல் படிக்க வேண்டும். அலறல் கேட்டால் என்ன படிப்பது என்று படிவத்தில் இல்லை.

"ம்... கேளுங்க மேடம்." பெண் குரல். மூச்சு வாங்கியது.

"ஏதோ சத்தம் கேட்டுச்சே...?"

"பூனை."

அப்படியொரு தொண்டை உள்ள பூனையை ரெட்டைக்கோடு அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"இப்போது இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?"

"ரெண்டு. நானும் என் வீட்டுக்காரரும்."

"உங்கள் கணவருடன் நேரடியாகப் பேசலாமா?"

"அவர் வெளியே போயிருக்கார். நானே சொல்றேன்."

நான்கு மாதமாக இதே பதில். ஐஸ்கிரீம் வண்டி வைத்திருந்தவர். வியாபாரம் படுத்ததிலிருந்து வேலை இல்லை. ஆனால் எப்போது கூப்பிட்டாலும் மனிதர் வெளியே போயிருப்பார்.

அப்போதுதான் அது கேட்டது...

ஆண் குரல்! கிசுகிசுவென்று. போனுக்கு மிக அருகில்.

ரெட்டைக்கோட்டின் பேனா நின்றது.

புருஷன் வெளியே. அப்படியானால் உள்ளே யார்?

"முப்பத்தோராவது கேள்வி... கடந்த நான்கு வாரங்களில் உங்கள் கணவர் எத்தனை நாட்கள் வேலை தேடினார்?"

மறுபடி கிசுகிசு. பிறகு அவள் சொன்னாள்.

"தொண்ணூத்தொன்பது."

"என்னது?"

"தொண்ணூத்தொன்பது மேடம்."

"நாலு வாரத்துக்கு இருபத்தெட்டு நாள்தானேம்மா இருக்கு?"

கிசுகிசு இந்தத் தடவை தெளிவாகவே கேட்டது.

"தொண்ணூத்தொன்பதுன்னு போட்டுக்கச் சொல்லு..."

ரெட்டைக்கோட்டின் முதுகில் ஓர் எறும்பு ஏறியது. எறும்பு இல்லை. பயம்.

தொண்ணூற்றொன்பது என்பது குறியீட்டு எண், அலுவலகப் பேச்சில் 'கோடு நம்பர்'. 'தெரியாது' என்று பதில் வந்தால் கட்டத்தில் நிரப்புகிற எண். அந்த எண்களை வெளியாருக்குப் படித்துக் காட்டுவதே கிடையாது. இந்த அலுவலகத்தின் பச்சை அட்டைப் புத்தகத்தில் மட்டும் இருப்பவை.

"முப்பத்திரண்டு... வேலை கிடைத்தால் உடனே சேர அவர் தயாராக இருக்கிறாரா?"

"தொண்ணூத்தேழு."

'பதில் சொல்ல மறுப்பு.'

"மு... முப்பத்து மூன்று... அவர் கடைசியாகச் செய்த வேலை எது?"

"எண்பத்தெட்டு."

'பேட்டிக்குரிய சூழல் இல்லை.'

படிவத்தை மூடினாள் ரெட்டைக்கோடு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அம்மா... நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்! சீக்கிரம் 'முடிந்தது'ன்னு அழுத்திடுங்க மேடம்!"

டொக். இணைப்பு போய்விட்டது.

திரையில் மூன்றாவது வீட்டுக்கு நேரே ஒரு பொத்தான் கண் சிமிட்டியது.

முடிந்தது.

அதை அழுத்தினால் அந்த வீட்டை இந்த மாதம் யாரும் கூப்பிட மாட்டார்கள். யாரும் போய்ப் பார்க்கவும் மாட்டார்கள்.

அப்படி ஒரு பொத்தான் இருப்பது வீட்டில் இருக்கிற பொம்பளைக்கு எப்படித் தெரியும்?

*

"கதவைத் திறக்கணும் மேடம்!"

சூப்பர்வைசர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். சிரித்ததைப் பார்த்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

"மணி அஞ்சே கால். கதவு ஆறு மணிக்குத் திறக்கும். இன்னைக்கு என்ன நாள்?"

"பூட்டு நாள்..."

பூட்டு நாள்! நாளைக் காலை விகிதம் வெளியாகிறது. ஒரு புள்ளி முன்கூட்டிக் கசிந்தாலும் சந்தை ஆடும், சபை ஆடும், அமைச்சரின் நாற்காலி ஆடும். அதனால் கைப்பேசிகள் எல்லாம் கீழே இரும்புப் பெட்டியில். கதவு வெளியே பூட்டு. சாவி நான்கு மாடிக்குக் கீழே, காவலாளியின் இடுப்பில். இந்த அறையின் போன்கள் பட்டியலில் உள்ள வீடுகளைத் தவிர வேறெந்த எண்ணையும் அழைக்காது.

போலீசைக்கூட!

"மூணாவது வீட்டுல ஒரு பொம்பளையை எவனோ மிரட்டி வெச்சிருக்கான் மேடம். அவன் சொல்லச் சொல்ல அவங்க பதில் சொல்றாங்க. பூராவும் கோடு நம்பர்!"

சூப்பர்வைசர் அம்மாவின் முகம் லேசாக மாறியது.

"கோடு நம்பரா? அப்படின்னா அவன்..."

"நம்ம ஆபீஸ் ஆளு!"

தொற்றுக் காலத்தில் பாதியாக்கிய இருக்கைகள் இன்னும் பாதிதான். கண்ணாடித் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம் மற்ற மூன்று பேர் தத்தம் வீடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, அறையில் ஐந்து பேர். காவலாளி கீழே. அலுவலகத்தில் பாக்கி ஒரே ஓர் ஆள்.

பூதக்கண்ணாடி.

மறுசரிபார்ப்பு அதிகாரி. போனில் சொன்னது நிஜமா என்று வீட்டுக்கே நேரில் போய்ப் பார்ப்பவர். போன மாதம் ரெட்டைக்கோட்டின் படிவங்களில் பதினொன்றைச் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பி அனுப்பியவர்.

"இன்னைக்கு அவர் எந்தத் தெருவுக்கு மேடம் போயிருக்கார்?"

சூப்பர்வைசர் அம்மா பதிவேட்டைப் புரட்டினார். புரட்டிய விரல் நின்றது.

"அதே தெரு..."

"சொன்னேன்ல!"

"ஏம்மா, முப்பது வருஷ சர்வீஸ் ஆளு! அவர் எதுக்கு ஒரு பொம்பளையை மிரட்டணும்?"

"இப்ப விகிதம் எவ்வளவு மேடம்?"

அவருடைய திரையில் மட்டும்தான் அது தெரியும். திரும்பித் திரையைப் பார்த்தார்.

"எட்டு. சரியா எட்டு."

"ஒரு வீடு பதிலை மாத்தினாலும் எட்டுக்குக் கீழே. உதவி நிறுத்தம். அதை நிறுத்தணும்னு யாருக்கெல்லாம் ஆசைன்னு தினம் பேப்பர்ல வருதே! அவங்கள்ல யாரோ இவரைப் பிடிச்சிருக்காங்க. இவர் வீடு வீடாப் போய் பதிலை மாத்தச் சொல்லி மிரட்டறார்!"

"அப்ப எதுக்குக் கோடு நம்பர்?"

"பழக்க தோஷம் மேடம்! முப்பது வருஷமா அதே நம்பரை எழுதின கை. வாய் திறந்தாலும் நம்பர்தானே வரும்?"

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் வழக்கம்போல் சந்தேகம் வந்தது. சரியா? இன்னொரு கோடு போட நேரம் இல்லையே!

சூப்பர்வைசர் அம்மா எழுந்து போய்க் கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். பிறகு உதைத்தார். நான்கு மாடிக்குக் கீழே ஒரு காவலாளி நிம்மதியாக இருந்தான்.

"தீ அலாரத்தை அடிச்சா?" என்றாள் ரெட்டைக்கோடு.

"அடி. அது தொற்றுக் காலத்துல செத்துப்போச்சு. மீட்சித் திட்டத்துல இரண்டாம் கட்டத்துலதான் அதுக்கு நிதி."

"இப்ப எந்தக் கட்டம்?"

"முதல் கட்டத்துக்கே இன்னும் கமிட்டி போடலை."

ஜன்னல்களுக்குக் கம்பி. கம்பிக்கு வெளியே நான்கு மாடி ஆழம். ஒரு நகரமே கேட்கிற தூரத்தில் இருந்தது. ஒருத்தர் காதுக்கும் எட்டவில்லை.

"அந்த 'முடிந்தது'வை அழுத்தாதே," என்றார் சூப்பர்வைசர் அம்மா மெல்ல. "ஆனா வேற எதுவும் செஞ்சும் வைக்காதே. ரகசியச் சட்டம் ஞாபகம் இருக்கா? ஒரு வீட்டு விஷயத்தை வெளியே விட்டா வேலை போகும். ரெண்டு வருஷம் உள்ளே."

ரெட்டைக்கோடு பட்டியலைப் பார்த்தாள்.

ஒரு தெருவுக்கு எட்டு வீடு. வரிசையாக எட்டு வீடு.

இந்த அறையின் போனால் போலீசை அழைக்க முடியாது. ஆனால்...

நாலாவது வீட்டை அழைக்கலாம்!

*

"ஹலோ! கணக்கெடுப்பா? வாங்க வாங்க! போன மாசம் வேலை இல்லை, இந்த மாசம் வேலை இல்லை, அடுத்த மாசமும் இல்லைன்னு இப்பவே எழுதிக்கங்க தங்கச்சி. உங்களுக்கும் போன் செலவு மிச்சம்!"

நாலாவது வீட்டுக்காரர் ஜிம் மாஸ்டர். குரலிலேயே புஜம் தெரிந்தது.

"அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஜிம்மைத் திறக்கலாம்னு உத்தரவு போட்டுட்டாங்க. ஒரு நேரத்துக்கு ஆறு பேராம். ஆளுக்கு ஆறடி இடைவெளியாம். என் ஜிம்மே பதினெட்டடி! மிச்ச ஆளை நான் என்ன சுவத்துல ஆணி அடிச்சா மாட்டறது? இதையும் எழுதிக்கங்க!"

"அண்ணே..."

தோளில் ஒரு கை விழுந்தது. சூப்பர்வைசர் அம்மாவின் கை. அழுத்தியது.

'வேண்டாம்' என்றது அந்தக் கை.

பதினான்கு மாதம். விண்ணப்பம் போட்டுப் போட்டுத் தேய்ந்த விரல்கள். முதல் சம்பள நாளில் அப்பா ஒன்றுமே பேசாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தது. எல்லாம் ஒரு நொடியில் வந்துபோயின. வாயைத் திறந்தால் இதெல்லாம் போய்விடும். மூடிக்கொண்டிருந்தால் ஓர் உயிர் போய்விடும்.

ரெட்டைக்கோடு வாயைத் திறந்தாள்.

"அண்ணே! உங்க பக்கத்து வீட்டுல ஒரு ஆளு புகுந்து அந்தம்மாவை மிரட்டி வெச்சிருக்கான். உடனே போங்க! போனை வெக்காதீங்க!"

தோளில் இருந்த கை விலகியது.

"போச்சு..." என்றார் சூப்பர்வைசர் அம்மா.

மறுமுனையில் ஏதோ இரும்பு உருளும் ஓசை.

"தங்கச்சி, எட்டு மாசமா டம்பெல்லை தூசி தட்டத்தான் தூக்கறேன். இன்னைக்கு ஒரு வேலை வந்துச்சு பாரு! போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சட்டைப் பையில வெச்சிருக்கேன். நீங்க பேசறது எனக்குக் கேக்கும்."

தட்... தட்... தட்... படி இறங்கும் செருப்பொலி. கேட்டின் கிறீச்.

"ஆனா ஒண்ணு தங்கச்சி. அந்தம்மா தனியாத்தானே இருக்கு? அது வீட்டுக்காரரைப் பார்த்தே எட்டு மாசம் இருக்கும்."

"என்னது?"

"வெளியூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டார்னு சொல்லுச்சு."

ரெட்டைக்கோடு படிவத்தைப் பார்த்தாள். கணவர். வயது நாற்பத்து நான்கு. வேலை இல்லை. வீட்டில் வசிக்கிறார். உதவித்தொகை வாரா வாரம் அவர் பெயரில்.

வெளியூரில் வேலை... வீட்டில் வேலை இல்லை...

எங்கோ ஒரு கோடு கோணலாக விழுந்திருக்கிறது!

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க..."

ஆனால் கதவு தட்டப்பட்டுவிட்டது.

கதவு திறந்தது. அழுகை பீறிட்டது.

"அண்ணே! நல்ல வேளை வந்தீங்க! ஒருத்தன் அதிகாரின்னு சொல்லிட்டு உள்ளே புகுந்து என்னை... என்னை... உள்ரூம்ல இருக்கான் அண்ணே!"

"நீ பயப்படாதேம்மா. நான் பார்த்துக்கறேன். டேய்! எவன்டா அது!"

தடதடவென்று ஓட்டம். எங்கோ ஒரு மோட்டார் 'ர்ர்ர்' என்று முனகுகிற சத்தம். முன்பு பேசியபோதும் அந்த முனகல் இருந்தது என்பது ரெட்டைக்கோட்டுக்கு இப்போதுதான் உறைத்தது.

"பார்த்துட்டேன் தங்கச்சி! வழுக்கைத் தலை, கழுத்துல அடையாள அட்டை!"

"அவர்தான்! பிடிங்க அண்ணே! விடாதீங்க!"

"பிடிக்கறதா?" ஜிம் மாஸ்டரின் குரல் குழம்பியது. "எதுக்கு? அவரைத்தான் ஏற்கெனவே நாற்காலியோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கே!"

"க... கட்டியா?"

"கை ரெண்டும் பின்னாடி. கால் ரெண்டும் நாற்காலியில. வாயில துணி. மண்டையில ரத்தம். கட்டிக் கிடக்கறவன் எப்படிம்மா மிரட்டுவான்?"

ரெட்டைக்கோடு மூன்றாவது வீட்டுப் படிவத்தைத் திரும்பப் பார்த்தாள்.

பழக்க தோஷம் இல்லை!

தெரியாது. மறுப்பு. பேட்டிக்குரிய சூழல் இல்லை. முப்பது வருடமாக எந்த வெளியாளிடமும் உச்சரிக்காத எண்களை ஒரு மனிதன் வேண்டுமென்றே உச்சரித்திருக்கிறான். அவனுடைய மொழி தெரிந்த ஒரே ஒரு காதுக்காக!

அந்தக் காது என்ன செய்தது? அவனையே குற்றவாளி ஆக்கியது!

"அண்ணே! அந்தப் பொம்பளை எங்கே?"

"வாசல்ல அழுதுக்கிட்டு..."

"திரும்புங்க! பின்னாடி திரும்புங்க!!"

டங்ங்ங்!

எதுவோ எதன்மீதோ மோதியது. ஓர் அலறல். எதுவோ விழுந்தது. எதுவோ உருண்டது.

பிறகு... ஒன்றுமே இல்லை.

'ர்ர்ர்' என்ற முனகல் மட்டும்.

"அண்ணே...?"

"அண்ணே!"

மற்ற மூன்று பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் அம்மா தன்னை அறியாமல் ரெட்டைக்கோட்டின் கையைப் பிடித்திருந்தார். ஐந்து பேர், ஒரு பூட்டிய கதவு, ஒரு போன். கேட்கத்தான் முடியும். கையை நீட்ட முடியாது.

பத்து விநாடி.

இருபது.

"...தங்கச்சி."

"அண்ணே!!"

"நீ மட்டும் ஒரு நொடி தாமதமாக் கத்தியிருந்தா என் தலை ரெண்டு துண்டு. இரும்புத் தடி தங்கச்சி! டம்பெல்லைக் குறுக்கே காட்டிட்டேன். அதிர்ச்சியில அந்தப் பொம்பளையே கீழே விழுந்திடுச்சு. அது கட்டின கயித்துலயே அதைக் கட்டிட்டேன்."

ரெட்டைக்கோடு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

*

போனில் அடுத்து வந்தது பூதக்கண்ணாடியின் குரல். வாயிலிருந்து துணியை எடுத்தாகிவிட்டது.

"ரெட்டைக்கோடா? தொண்ணூத்தொன்பதுன்னு சொன்னேனே, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்... தப்பா."

"தெரியும். நீ என்னைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினது எனக்கும் கேட்டுது."

பதினொரு படிவங்களின் சிவப்பு மையும் தன் முகத்தில் ஏறிய மாதிரி இருந்தது அவளுக்கு.

"என்ன சார் நடந்துச்சு?"

"நாலு மாசமா புருஷன் வெளியேன்னு எழுதியிருந்தே. ஒரு மனுஷன் நாலு மாசம் வெளியே இருந்தா அது வெளியே இல்லை, வேற ஏதோன்னு தோணுச்சு. வந்து பார்த்தேன். பின்கட்டுல ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஓடுது. வியாபாரம் படுத்து எட்டு மாசம் ஆச்சே, காலிப் பெட்டி எதுக்கும்மா ஓடுதுன்னு கேட்டேன். அவ்வளவுதான் ஞாபகம்! கண்ணு முழிச்சா நாற்காலி."

"ஃப்ரீசர்ல..."

"நான் திறக்கலை. ஜிம் மாஸ்டர் இப்பதான் திறந்தார். 'மண்டை உடைஞ்சிருக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டு வாசல்ல போய் உட்கார்ந்திருக்கார். அவ்வளவு பெரிய உடம்பு, பாவம்... குழந்தை மாதிரி நடுங்கறார். போலீசுக்குச் சொல்லியாச்சு."

பின்னணியில் பெண்ணின் குரல் உச்சத்தில் ஒலித்தது. "காய்ச்சல்லதான் போனார்! தொற்றுலதான் போனார்! செத்துட்டார்னு சொன்னா அவர் பேர்ல வர்ற உதவி நின்னுடுமேன்னுதான் உள்ளே வெச்சேன்!"

"காய்ச்சல் மண்டையை உடைக்காதும்மா," என்றது பூதக்கண்ணாடியின் குரல் பொறுமையாக.

"எதுக்கு சார் உங்களை விட்டே பதில் சொல்ல வெச்சா?"

"நீ கூப்பிடற நேரம்னு அவளுக்குத் தெரியும். எடுக்கலைன்னா ரெண்டு ஆளு நேர்ல வருவாங்கன்னு நான்தான் பயமுறுத்தினேன். எப்படிச் சொன்னா யாரும் வரமாட்டாங்கன்னு கேட்டா. எல்லாத்தையும் நம்பர்லயே சொல்லு, அதிகாரிங்க வாயைத் திறக்க மாட்டாங்க, கடைசியில 'முடிந்தது'ன்னு அழுத்தச் சொல்லுன்னேன். நம்பிட்டா! கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு நம்பிட்டா!"

சைரன் சத்தம் நெருங்கியது. இணைப்பு அறுந்தது.

ரெட்டைக்கோடு மெதுவாக எழுந்து நின்றாள். சூப்பர்வைசர் அம்மாவுக்கு எதிரே போய், பள்ளிக்கூடத்தில் தவறு செய்தவள் போல் கைகட்டி நின்றாள்.

"மேடம்... சட்டத்தை மீறிட்டேன். நீங்க எழுதித்தான் ஆகணும். எழுதிடுங்க."

"எதை?"

"மூணாவது வீட்டு விஷயத்தை நாலாவது வீட்டுல சொன்னதை."

சூப்பர்வைசர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக, இரண்டு கண்ணாடியையும்.

"மூணாவது வீட்டுக்கு 'முடிந்தது' அழுத்தினியா?"

"இல்லை."

"அழுத்தலைன்னா அந்த வீடு முடியாத வீடு. முடியாத வீட்டைப் பத்திப் பக்கத்து வீட்டுல விசாரிக்கலாம். பச்சைப் புத்தகம், அறுபத்திரண்டாம் பக்கம். நீ விசாரிச்சே. அவர் கொஞ்சம் ஆர்வமா நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்து பதில் சொன்னார். இதுல என்ன தப்பு?"

"மேடம்...!"

"அழாதே. படிவம் நனையும்."

ரெட்டைக்கோடு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு இன்று மாலையும் சொல்ல ஒரு வேலை இருக்கிறது. இருக்கிறதா? இருக்கிறது.

"சரி, மூணாவது வீட்டை முடி," என்றார் சூப்பர்வைசர் அம்மா. "ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் வேலை இல்லைன்னு போன மாசக் கணக்கு. இப்ப என்ன செய்யணும்?"

"தெரியலை மேடம்."

"இறந்தவங்க கணக்குல வரமாட்டாங்க. அவரை அடி."

அடித்தாள்.

"சிறைக்குப் போறவங்களும் கணக்குல வரமாட்டாங்க. அவளையும் அடி."

அடித்தாள். 'முடிந்தது' பொத்தானை அழுத்தினாள்.

சூப்பர்வைசர் அம்மாவின் திரை ஒரு தடவை இமைத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேடம்?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் திருப்பாத திரை.

ஏழு புள்ளி ஒன்பது எட்டு.

"எட்டுக்குக் கீழே!" என்றாள் ரெட்டைக்கோடு. "அப்ப... உதவித்தொகை? அந்த ஜிம் அண்ணனுக்கு? மத்த எல்லாருக்கும்?"

"அடுத்த மாசத்துலேர்ந்து கிடையாது."

"மாத்த முடியாதா மேடம்? இதுல ரெண்டு பேரும் வேலைக்குப் போகலையே! ஒருத்தர் செத்துட்டார், ஒருத்தி கொன்னுட்டா!"

"மாத்தினா அதுக்குப் பேர் மோசடி. வெளியே சொன்னா அதுக்குப் பேர் ரகசிய மீறல். மாத்தவும் கூடாது, சொல்லவும் கூடாது."

கீழே எங்கோ சாவிக்கொத்து குலுங்கியது. கதவு திறக்கப்போகிறது. திறந்து என்ன?

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அமைச்சர் மைக் முன்னாடி நிப்பாரு பாரு..." என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"என்ன மேடம் சொல்லுவாரு?"

சூப்பர்வைசர் அம்மா சிரித்தார். ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே பார்த்திருந்த சிரிப்பு.

"புருஷன் ஃப்ரீசர்ல, பொண்டாட்டி ஜெயில்ல... நம்ம பொருளாதாரம் எழுந்து நடக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு சொல்லுவாரு!"